தேக்குக் கதவில் பூசிய ஆளிவிதை எண்ணெய் ஏன் காயவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: காரைக்குடிப் பக்கம் தாத்தா வீட்டு வாசற்கதவு, பர்மா தேக்கு. மரச்செக்குக் கடையில் ஒரு லிட்டர் ஆளிவிதை எண்ணெய் வாங்கி, ஐப்பசி பிறந்ததும் தாராளமாக இரண்டு கோட் பூசினீர்கள். 3 வாரம் ஆகியும் விரல் வைத்தால் ஒட்டுகிறது, தெருப் புழுதியெல்லாம் கதவில் அப்பிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் கலப்படமா, அடுப்பில் நன்றாகக் காய்ச்சி இன்னொரு கோட் கொடுத்தால் இறுகிவிடுமா என்று கேட்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில்: காய்ச்ச வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கலப்படமாக இருக்க வாய்ப்பு குறைவு. சொல்லப்போனால் எண்ணெய் சுத்தமாக இருப்பதுதான் பாதித் தொல்லை. உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், தின்னர் ஆவியாகும், எண்ணெய் ஆவியாகாது. அப்புறம் அது எப்படிக் காய்கிறது? அது விளங்கிவிட்டால் கதவு ஒட்டுவதன் காரணமும் விளங்கிவிடும். நான் தச்சன் இல்லை. 30 வருடம் ஒரு பெயின்ட் ஆலையின் ரெசின் பிரிவில், அதாவது பெயின்டைப் படலமாகப் பிடித்து நிறுத்தும் பிசின் செய்கிற இடத்தில், எண்ணெயோடு மல்லுக்கட்டியவன். எண்ணெயைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மரத்தைப் பற்றிச் சொல்வதை உங்கள் ஊர் ஆசாரியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பூஜையறைக் குத்துவிளக்கை ஒரு மாதம் தேய்க்காமல் விட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய் ஊற்றுகிற வீடென்றால் விளக்கு முகத்தின் ஓரத்தில் பழுப்பாக, கோந்து மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் சட்டென்று வராது, நகத்தால் சுரண்ட வேண்டும். தேங்காயெண்ணெய் ஊற்றுகிற வீட்டில் அந்தத் தொல்லை குறைவு. சூரியகாந்தி எண்ணெய் புழங்கும் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைத் தொட்டால் விரல் ஒட்டும்; அதையே 2 வருடம் துடைக்காமல் விட்டால் ஒட்டாது, மஞ்சளாக வார்னிஷ் போட்டதுபோல் இறுகியிருக்கும். புது இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்கும்போது கறுப்பாக ஒரு பூச்சு ஏறுகிறதே, அதுவும் இதே சங்கதிதான், சூட்டில் வேகமாக நடக்கிறது. ஆக, எண்ணெய் காய்வது உங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. எந்த எண்ணெய் எவ்வளவு காயும் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தை நாங்கள் அயோடின் எண் என்ற அளவால் பார்ப்போம். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்றுக்கொள்கிறது என்பது கணக்கு. எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள், அதாவது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டை முடிச்சால் இணைந்திருக்கும் இடங்கள், எவ்வளவு இருக்கின்றன என்பதை அது காட்டும். தேங்காயெண்ணெய்க்கு இது 10-க்குள். கடலை எண்ணெய் 85-லிருந்து 100 வரை, நல்லெண்ணெய் 105-லிருந்து 115 பக்கம், சூரியகாந்தி 120-லிருந்து 140 வரை, ஆளிவிதை 170-க்கு மேல், சில சமயம் 200-ஐயும் தொடும். பொதுவாக 130, 140-ஐத் தாண்டினால் காயும் எண்ணெய் என்போம். கதவுக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் அது சாகும்வரை எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெய் இரண்டுங்கெட்டான்: இறுகவும் செய்யாது, திரவமாகவும் இருக்காது, பிசுக்காக நின்றுவிடும். நீங்கள் ஆளிவிதையைத் தேர்ந்தெடுத்தது சரியான தேர்வு.

இனி உள்ளே நடப்பது. எந்தச் சமையல் எண்ணெயை எடுத்தாலும் ஒரு கிளிசரால் முதுகெலும்பில் 3 நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். ஆளிவிதை எண்ணெயில் அந்தச் சங்கிலிகளில் பாதியோ அதற்குச் சற்று மேலோ லினோலெனிக் அமிலம். அதில் 3 இரட்டைப் பிணைப்புகள், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனின் பிடி மிகவும் தளர்வு. யாராவது லேசாக இழுத்தால் போதும், கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து உட்காரும். அப்படி உட்கார்ந்தது பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரோபெராக்சைடு ஆகும். பிடுங்கப்பட்ட சங்கிலியில் இன்னொரு ஆக்சிஜன் வந்து உட்காரும். ஊர்வம்பு பரவுவதுபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். கொஞ்ச நாளில் அந்தப் பெராக்சைடுகள் உடைந்து, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் முடிச்சுப் போட ஆரம்பிக்கும். தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் மீன்வலை மாதிரி ஒன்றாகப் பின்னிக்கொண்டதும் எண்ணெய் படலமாகிவிட்டது என்கிறோம். அதன் பிறகு டர்பன்டைன் ஊற்றினாலும் அது கரையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலாளர் ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்து, அதில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் தினமும் எடை போடச் சொன்னார். காயக் காய எடை குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் 2 நாள் தராசு அசையவே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து எடை ஏறியது! வார முடிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது, படலமும் விரலில் ஒட்டவில்லை. எண்ணெய் காற்றைத் தின்று கொழுத்திருக்கிறது. முதல் 2 நாள் சும்மா இருந்ததற்கும் காரணம் உண்டு, உங்கள் கதவுக்கு அதுதான் முக்கியம், இதோ வருகிறேன். அதற்குள் ஒரு சின்ன விஷயம். இதே வினை எண்ணெய்க் குப்பிக்குள் நடந்தால் அதைக் காறிப்போயிற்று என்று கீழே ஊற்றுகிறோம், பலகைமேல் நடந்தால் காய்ந்தது என்று மகிழ்கிறோம். காறல் வாடையும் புது வார்னிஷ் வாடையும் ஒன்றுக்கொன்று உறவாக இருப்பது இதனால்தான். சங்கிலிகள் உடையும்போது சிதறும் சிறு துண்டுகள், ஆல்டிஹைடுகள், இரண்டிலும் வெளியேறுகின்றன.

இவ்வளவும் ஐயமில்லாத விஷயம். உங்கள் கதவுக்கு வரும்போது நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் காரணங்களை வாய்ப்பின் வரிசையில்தான் சொல்ல முடியும். முதல் சந்தேகம் கோட்டின் கனம். தாராளமாகப் பூசினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜன் மேலிருந்து உள்ளே ஊறித்தான் போக வேண்டும். மேலே இறுகிய தோல் கட்டிவிட்டால் கீழே இருக்கும் எண்ணெய்க்குக் காற்றுப் போய்ச்சேர வாரக்கணக்கு ஆகும். இரண்டாவது, மரச்செக்கு எண்ணெய். விதையில் இயற்கையாகவே வைட்டமின் ஈ போன்ற காப்புப் பொருள்கள் உண்டு; அந்த எண்ணெய் காறாமல் இருக்க இயற்கை வைத்த பூட்டு. செக்கில் ஆட்டிச் சுத்திகரிக்காமல் விற்பதில் அந்தப் பூட்டு அப்படியே இருக்கும். சாப்பிடுவதற்கு நல்லது, கதவுக்குக் கெட்டது. என் கண்ணாடித் துண்டு 2 நாள் சும்மா இருந்ததும் அந்தக் காப்புப் பொருள் தீரும்வரை காத்திருந்ததால்தான். மூன்றாவது, தேக்கு. தேக்கில் இருக்கும் குவினோன் வகைப் பொருள்கள்தான் கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. அதே பொருள்கள் எண்ணெயில் ஊறி வந்து, தாவிக்கொண்டிருக்கும் அந்தச் சங்கிலி வினையையும் அமுக்கிவிடுகின்றன. வேப்பமரத்திலோ மாமரத்திலோ காய்ந்த எண்ணெய் தேக்கில் காயாமல் அடம்பிடிப்பது இதனால். உங்கள் கதவில் இது எவ்வளவு தூரம் காரணம் என்று தொலைவிலிருந்து சொல்ல முடியாது. பழைய மரத்தில் மேற்பரப்பிலிருந்து இந்தப் பொருள்கள் கொஞ்சம் போயிருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் புதிதாக வெளியே வந்திருக்கும். நான்காவது, ஐப்பசி. குளிர்ச்சி, ஈரம், மூடாக்கு மூன்றும் சேர்ந்து எந்த எண்ணெய்ப் பூச்சையும் மந்தப்படுத்தும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும் என்பது ஒரு கைக்கணக்கு, பெரும்பாலும் பொய்த்ததில்லை.

சரி, காய்ச்சுவது. பெயின்ட் கடையில் "டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில்" என்று டின் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் நீங்களும் காய்ச்ச நினைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பழைய காலத்தில் உண்மையிலேயே காய்ச்சினார்கள், ஆனால் வெறும் எண்ணெயை அல்ல. ஈய ஆக்சைடு, நம் சித்த வைத்தியர்கள் மிருதார்சிங்கி என்பார்களே, அதைப் போட்டுக் காய்ச்சினார்கள். சூட்டில் ஈயம் எண்ணெயில் கரைந்து சோப்பு மாதிரி ஒரு பொருளாகி, காயும் வினையைத் தள்ளிவிடும். காய்ச்சியது ஈயத்தைக் கரைக்க. இன்றைக்கு டின்னில் பாயில்ட் என்று எழுதியிருந்தாலும் வேலை செய்வது பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள்தான். நாங்கள் ட்ரையர் என்போம். கோபால்ட் தன் மின்னேற்றத்தை 2-க்கும் 3-க்கும் மாற்றி மாற்றி, சேர்ந்து கிடக்கும் பெராக்சைடுகளை உடைத்துக்கொண்டே இருக்கும், தான் தீராது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு உலோகமாகக் கணக்கிட்டால் அரை கிராம் இருந்தாலே பச்சை எண்ணெய் ஒரு வாரம் எடுக்கும் வேலை ஒரே நாளில் முடியும். ஆனால் கூடுதலாகப் போட்டால் கெடுதல். கோபால்ட் மேற்பரப்பை மட்டும் அவசரமாக இறுக்கும். மேல்தோல் ஆக்சிஜனைக் குடித்து ஊதும், கீழே திரவம், விளைவாக யானைத்தோல் மாதிரி சுருக்கம் விழும். அதனால்தான் அடிவரை மெதுவாகக் காயவைக்கும் சிர்கோனியம், கால்சியம் உப்புகளையும் கூடச் சேர்ப்பார்கள். முன்பு அந்த வேலையை ஈயம் செய்தது. இந்தியாவில் வீட்டு பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய பெயின்ட் உங்கள் கதவில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள், ஈரத்தில் தேயுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கவனம்.

எதையும் கலக்காமல் வெறும் சூட்டில் எண்ணெயைத் தடிப்பாக்குவதும் உண்டு, ஸ்டாண்ட் ஆயில் என்று பெயர். 300 டிகிரிக்குப் பக்கத்தில், காற்றே படாமல், மூடிய கெட்டிலில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயின் ஆவி 220 டிகிரி பக்கத்திலேயே பற்றிக்கொள்ளும். அதாவது, வீட்டில் வாணலியை வைத்து அந்தப் பதத்தைப் பிடிக்கப் பார்த்தால் பதத்துக்கு முன்னால் தீதான் வரும். வந்த தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. தப்பித்தவறி ஸ்டாண்ட் ஆயில் கிடைத்தாலும் அது பச்சை எண்ணெயைவிட மெதுவாகத்தான் காயும். பளபளப்பும் உறுதியும்தான் அதன் சிறப்பு. உங்கள் அவசரத்துக்கு அது உதவாது.

தீ என்றதும் இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். பலகையில் அது காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், நூலிழைகளில் எண்ணெய் பரவிக் காற்றுப்படும் பரப்பு பல மடங்கு பெருகியிருக்கும், வெப்பம் வெளியேற வழி இருக்காது. வெப்பம் ஏற ஏற வினை வேகமெடுக்கும், சில மணி நேரத்தில் துணி தானாகவே பற்றும். தீக்குச்சியே தேவையில்லை. எங்கள் ஆலைக்கு வெளியே ஒரு பட்டறையில் பனியன் வேஸ்ட் நிரப்பிய சாக்கு ஒன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை மாலை புகை வந்தது. வாட்ச்மேன் பார்த்துவிட்டதால் பிழைத்தார்கள். சாக்கை வெளியே இழுத்துப் பிரித்தபோது வெளிப்புறத் துணி சில்லென்றிருந்தது, நடுவில் இருந்தது கரி. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில், மரப்பலகைகளுக்கு மெருகு போட்டவர்கள் 22-ஆம் மாடியில் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணியிலிருந்து தீ கிளம்பியது. 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது, 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30-ஆம் மாடியில் இருந்த ஸ்பிரிங்க்ளர்கள்தான் அதை நிறுத்தின. ஆகவே துணியைக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். விறைத்து அட்டை மாதிரி ஆன பிறகு குப்பையில் போடலாம்.

வேறு எண்ணெய்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள், விளக்கெண்ணெய் உட்பட. விளக்கெண்ணெய் தன்னால் காயாது, அதன் அயோடின் எண் 85 பக்கம்தான். ஆனால் அதன் அமிலச் சங்கிலியில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி, தொங்குகிறது. வெற்றிடத்தில் வினையூக்கி போட்டுச் சூடாக்கினால் அது தண்ணீராகக் கழன்று, அந்த இடத்தில் புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பு முளைக்கும். காயாத எண்ணெய் காயும் எண்ணெயாகிவிடும்! ஆமணக்கு அதிகம் விளையும் நம் நாட்டில் பெயின்ட் ஆலைகளுக்கு இது பழக்கமான சரக்கு. எனாமல் டின்னுக்குள் போகும் ஆல்கிட் ரெசினில் இதைச் சேர்ப்போம். கெட்டிலில் தண்ணீர் கழன்று வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. சீனத்து டங் எண்ணெய் இன்னொரு ரகம். அயோடின் எண்ணில் ஆளிவிதையைத் தாண்டாது, ஆனால் அதன் 3 இரட்டைப் பிணைப்புகளும் அடுத்தடுத்து அடுக்கியிருப்பதால் வேகமாகக் காயும், தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். அயோடின் எண் ஒன்றை மட்டும் வைத்து எண்ணெயை எடை போடக் கூடாது என்பதற்கு இதைத்தான் புதுப் பையன்களிடம் காட்டுவேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேதியியலில் எண்ணெயே இல்லை, பீனால் வகை. கறுப்பாக இறுகும், பூச்சி அண்டாது, ஆனால் தோலில் பட்டால் கொப்பளம். முன்வாசல் கதவுக்கு வேண்டாம்.

இந்த வித்தை எவ்வளவு பழையது என்பதில் நிறையக் கதை கட்டியிருக்கிறார்கள். எண்ணெய் ஓவியத்தை 15-ஆம் நூற்றாண்டில் வான் ஐக் என்ற ஓவியர் கண்டுபிடித்தார் என்று வெகுகாலம் சொன்னார்கள், அது நிற்காது. 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய தியோஃபிலஸ் என்ற துறவியின் கைந்நூலிலேயே ஆளிவிதை எண்ணெயில் நிறம் அரைப்பது வருகிறது. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் 7-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் காயும் எண்ணெய் இருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எண்ணெய் என்பது உறுதி; அது வால்நட்டா கசகசாவா என்பது ஊகம்.

இனி உங்கள் கதவு. பிசுக்கு இன்னும் வலையாகப் பின்னிக்கொள்ளவில்லை என்பது நல்ல சேதி, இப்போதே எடுத்தால் வரும். மினரல் டர்பன்டைனில் துணியை நனைத்து, மரத்தின் ரேகைப் போக்கிலேயே அழுத்தித் துடையுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் பிசுக்கும் வராது, தோலும் உரியாது என்றால் மெல்லிய ஸ்டீல் வூல் போடலாம். பழைய பூச்சின் தடம் எங்காவது தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். துடைத்த பிறகு ஒரு வாரம் காற்றாட விடுங்கள். மழை ஓய்ந்து, தை மாத வெயில் வந்ததும் டபுள் பாயில்ட் எண்ணெயை முக்கால் பங்கும் டர்பன்டைனைக் கால் பங்கும் கலந்து, கதவின் மேல்விளிம்பில், கண்ணில் படாத உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் பூசிப் பாருங்கள். 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிடுங்கள். பூசியதைத் துடைப்பதா என்று மனசு கேட்காது, தெரியும். மரம் குடித்தது மட்டும் போதும். 2 நாளில் அந்த இடம் ஒட்டாமல் இருந்தால் கதவு முழுக்கச் செய்யலாம், அடுத்த கோட்டுக்கு 3 நாள் இடைவெளி. அப்போதும் ஒட்டினால் குற்றவாளி தேக்குதான் என்று வைத்துக்கொண்டு, எண்ணெயை விட்டுவிட்டு அரக்கு பாலிஷுக்குப் போய்விடுங்கள். அது ஸ்பிரிட் ஆவியாகித்தான் காய்கிறது, தேக்கின் அடம் அதனிடம் செல்லாது. ஆனால் சாரல் அடிக்கும் வாசலுக்கு அது நிற்காது, தாழ்வாரக் கூரை இருந்தால் மட்டும்.

எண்ணெய் போட்ட கதவு சில வருடத்தில் மஞ்சளாகும், வெளிச்சம் படாத பக்கம் சீக்கிரம் ஆகும். ஓவியர் ரூபென்ஸ் தன் படம் மஞ்சளித்தால் வெயிலில் காட்டச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார், அது வேலை செய்யும். தேக்கு நிறத்தில் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. கதவு காய்ந்ததா என்று பார்க்க விரல் வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், தடம் விழும். காலையில் திறந்ததும் பக்கத்தில் போய் முகர்ந்து பாருங்கள். அந்தக் காறல் வாடை நின்றுபோயிருந்தால் தாழ்ப்பாளையும் வளையத்தையும் திரும்ப மாட்டிவிடலாம்.